ஆறு டின் பெம்மிகன்

இனிமேல் எந்த வெள்ளம் வந்தாலும் இந்த வீட்டில் யாரும் பசியோடு படுக்கப் போவதில்லை என்று பரமசிவம் சத்தியம் செய்தபோது, அவர் மனைவி அருக்காணி மெத்தையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சத்தியத்தைக் காதில் வாங்கிக்கொண்டாள். மெத்தையின் மறுமுனையை அவரிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து முறுக்கியதில் கல்கத்தாவின் சாக்கடைத் தண்ணீர் அரை வாளி இறங்கியது.

"அதெல்லாஞ் சரிங்க. மாத்தலுக்கு எழுதிக் குடுத்தாச்சுங்களா?" என்றாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த சமயத்தில் பிடித்த மழை விடவே இல்லை. பெஹாலாவில் அவர்கள் குடியிருந்தது கீழ்த்தளம். தண்ணீர் விருந்தாளி மாதிரி வாசல் வழியாக வந்தது. வந்தபின் வீட்டுக்காரர் மாதிரி எல்லா அறையிலும் உட்கார்ந்துகொண்டது. பரமசிவம், அருக்காணி, மகள் வசந்தி மூவரும் கட்டிலில் ஏறினார்கள். கட்டில்மேல் முக்காலி, முக்காலிமேல் ஸ்டவ். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் பொரியும் வெல்லமும். அதுவும் தீர்ந்தபோது மாடியிலிருந்து அணிமா பௌதி வாளியில் கயிறு கட்டிக் கிச்சடி இறக்கினாள். பௌதி என்றால் அண்ணி. அணிமா அந்த வீட்டுக்காரரின் மனைவி என்றாலும் தெருவுக்கே பௌதி.

கட்டில்மேல் உட்கார்ந்து அந்தக் கிச்சடியைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அருக்காணி முடிவெடுத்தாள். பரமசிவத்துக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல் கேட்டால் சீனியாரிட்டி போய்விடும், ஆனால் ஈரோடு கிடைக்கும். ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினால் கோபி, அவள் பிறந்த வீடு. வெள்ளம் ஒரு சாக்குதான். அவளுக்கு உள்ளுக்குள் வேறொரு கவலை இருந்தது. போன கோடையில் ஊரிலிருந்து வந்த தாய்மாமன் "அப்பா எங்கம்மா?" என்று கேட்டதற்கு, வசந்தி நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்று, "அப்பா வாசல்ல சிகரெட் தின்னுட்டு இருக்காருங்க" என்றாள். வங்காள மொழியில் சிகரெட்டைத் தின்பதாகத்தான் சொல்வார்கள். மாமன் சிரித்தார். அருக்காணிக்குச் சிரிப்பு வரவில்லை.

பரமசிவத்துக்கோ அந்தத் தெருவை விட்டால் உயிர் இல்லை. ஈரோட்டில் அவர் யார்? ஒரு குமாஸ்தா. மிஞ்சிப் போனால் கோபிக்காரர்களின் மாப்பிள்ளை. பெஹாலாவில் அவர் பொரம்தா. பரம அண்ணன் என்பது வங்காளி வாயில் அப்படி உருண்டு வரும். கிளப் வாசல் கேரம் போர்டில் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது பொரம்தா. கால்பந்துத் தகராறில் எந்தக் கட்சியும் சேராத ஒரே மனிதர் என்பதால் இரண்டு கட்சிக்கும் டீ வாங்கித் தருவதும் பொரம்தா. அந்த 'தா'வைச் சொத்தாக எழுதி வாங்க முடிந்திருந்தால், மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியிருப்பார்.

ஆகவே அவர் விஷயத்தைச் சோற்றுப் பிரச்சினையாகச் சுருக்கினார். வெள்ளத்தில் நமக்கு என்ன குறை? சாப்பாடு. சாப்பாடு இருந்திருந்தால் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடியிருப்போம். சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டால் ஈரோட்டுக்கு என்ன வேலை?

வழி அவரிடம் இருந்தது. காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் எப்போதோ வாங்கின பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, துருவப் பயணங்களைப் பற்றியது. பனிப்பாலைவனத்தில் மாதக்கணக்கில் நடந்தவர்கள் எதைத் தின்று நடந்தார்கள்? பெம்மிகன். கொழுப்பில்லாத இறைச்சியை வாட்டி, இடித்து, பொடியாக்கி, உருக்கின கொழுப்பும் உலர்ந்த பழமும் சேர்த்து அடைத்துவிட வேண்டியது. வருஷக்கணக்கில் கெடாது. ஒரு கை அள்ளித் தின்றால் நாள் முழுக்கத் தெம்பு. அவர் அந்தப் பக்கத்தை அருக்காணிக்குத் தமிழாக்கிப் படித்துக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இது உப்புக்கண்டந்தானுங்களே. எங்கம்மா ஊட்டுல கொடியில தொங்கும்."

"உப்புக்கண்டமில்ல புள்ள. இதுல உப்பே கெடையாது."

"உப்பில்லாம கெடாதுங்களா?"

"கொழுப்பு இருக்குதே."

அருக்காணி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "அது இருக்குதுங்க" என்றாள்.

அன்றைக்கே ஒப்பந்தமும் ஆயிற்று. ஒப்பந்தம் கேட்டது அவர்தான். அடுத்த மழைக்காலம் முடிகிற வரை, அதாவது அடுத்த மஹாளயா அமாவாசை வரை, அவர் செய்கிற பெம்மிகன் கெடாமல் இருந்தால் அவள் ஈரோட்டுப் பேச்சை எடுக்கக்கூடாது. அருக்காணி கொஞ்ச நேரம் யோசித்து ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"ஒரு டின்னாச்சும் மூடி தொறக்காம அன்னைக்கு இந்த ஊட்டுல இருக்கோணுங்க. அதைத் தொறந்து நான் தின்னு பாக்கோணும். நல்லா இருந்துச்சுன்னா நான் வாயே தொறக்கறதில்லீங்க. இல்லைன்னா கையெழுத்துப் போட்ருங்க."

"நீ டின்னுல கை வெக்கக்கூடாது."

"நான் ஏனுங்க கை வெக்கறேன்? விரல் படாதுங்க. வசந்தி மேல சத்தியம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். பரமசிவத்துக்கு அது தெரியும். ஒரு டின் என்கிறாளே, நாம் ஆறு டின் செய்வோம், எலி, எறும்பு, துரு எல்லாவற்றுக்கும் கொடுத்து மிச்சம் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். எலி, எறும்பு, துரு. கணக்கில் அவ்வளவுதான் எதிரிகள்.

குளிர்காலம் வந்ததும் வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்கடையில் போய்க் கொழுப்பில்லாத தொடைக்கறி கேட்டார். அதை வாங்கின பிறகு கொழுப்பைத் தனியாகக் கேட்டார். கடைக்காரர் இவரைப் பைத்தியம் என்று முடிவு செய்து இரண்டையும் நல்லதாகவே கொடுத்தார். கறியை வெற்றிலை மாதிரி அரிந்து மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டு, ஓய்வுநாளையெல்லாம் குடையும் கையுமாகப் பருந்து விரட்டுவதில் கழித்தார். அருக்காணி படியேறி வந்து, கொஞ்சம் மஞ்சளாவது தடவக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். துருவத்தில் மஞ்சள் இல்லை என்றார். துருவத்தில் பெஹாலா ஈயும் இல்லையே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பழத்தில்தான் அவர் தடுக்கி விழுந்தார். புத்தகத்தில் சொன்ன பழம் கல்கத்தாவில் கிடையாது. புளிப்பும் இனிப்புமாக உலர்த்தினால் கெடாத பழம் என்று யோசித்து, சந்தையில் புதிதாக வந்திருந்த இலந்தையை வாங்கி மாடியில் பரப்பினார். பரப்பின ஒரு மணி நேரத்தில் தெரு கூடிவிட்டது. சரஸ்வதி பூஜை வருவதற்கு முன்னால் இலந்தையைத் தொட்டவன் பரீட்சையில் தேறமாட்டான் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பரமசிவத்துக்கு இத்தனை வருஷத்தில் தெரியவில்லை, ஏனென்றால் அவர் எந்தப் பரீட்சையும் எழுதுவதில்லை. வசந்தி அழுதாள். அணிமா பௌதி இலந்தைமேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, பெண் அடுத்த மாசம் பரீட்சை எழுத வேண்டாமா தாதா, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். வற்றல் போடுகிறேன் என்றார் பரமசிவம். இறைச்சிக் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு இலந்தை வற்றல் என்றால் யார் நம்புவார்கள்? பௌதி நம்பவில்லை. ஆனால் நாகரிகமானவள். சரஸ்வதி பூஜை வரை காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவரும் காத்திருந்தார்.

பூஜை முடிந்து, பழம் உலர்ந்து, உரலில் இடித்து, கொழுப்பை உருக்கி ஊற்றிக் கிளறி, ஆறு டால்டா டின்களில் அடைத்து, ஈயம் பூசுகிறவனைக் கூப்பிட்டு மூடியைப் பற்றவைத்து, டின்களைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அதன்பின் அருக்காணியை உட்காரவைத்து முக்கியமான விஷயம் ஒன்றைச் சொன்னார். இப்படி ஒன்று நம் வீட்டில் இருப்பது தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது.

"ஏனுங்க?"

"உனக்கு இந்தத் தெருவைத் தெரியாது புள்ள."

"தெரியாதுங்க" என்றாள் அருக்காணி.

பங்குனி பிறந்த ஒரு சாயங்காலம் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது, கிளப் செயலாளர் பாச்சு காயை அடிக்காமல் நிறுத்திவிட்டு, பொரம்தா, துருவத்து மாம்சம் வைத்திருக்கிறீர்களாமே என்று மெதுவாகக் கேட்டான். கேட்ட தொனியில் ஆசை இல்லை. வருத்தம்தான் இருந்தது. இத்தனை பேர் இருக்கிறோம், எங்களிடம் மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்கிற வருத்தம். அந்த ஊரில் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம், அபிமானம் என்று அவர்கள் சொல்கிற இந்த மனத்தாங்கலைத் தாங்க முடியாது. பரமசிவம் எழுந்து போய் ஒரு டின்னோடு வந்தார்.

பொரி, வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய் எல்லாம் எங்கிருந்தோ முளைத்தன. பெம்மிகனை அதில் பிசைந்து தின்றார்கள். தின்றுவிட்டு விமரிசனம் செய்தார்கள். உப்பில்லை. காரமில்லை. கடுகு அரைத்துப் போட்டிருக்க வேண்டும். துருவத்தில் செத்தவர்கள் குளிரால் செத்திருக்க மாட்டார்கள், இதைத் தின்ற துக்கத்தில் செத்திருப்பார்கள். ஆனால் டின்னை வழித்து நக்கியபின் பாச்சு அவரைக் கட்டிக்கொண்டு, இந்தத் தெருவில் வேறு யாருக்கு இந்த மூளை இருக்கிறது என்றான். பரமசிவம் அன்றிரவு நன்றாகத் தூங்கினார். ஐந்து இருக்கிறதே.

இரண்டாவது டின் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் போயிற்று. அவருக்கு முப்பது வருஷமாக வயிற்றில் எரிச்சல். எல்லா மருந்தும் பார்த்தாகிவிட்டது, இதுவும் பார்த்துவிடலாம் என்றார். மூன்றாவது, கிளப் பையன்கள் கிருஷ்ணநகரில் கால்பந்து ஆடப் போனபோது. தோற்றுத்தான் வந்தார்கள், ஆனால் களைக்காமல் தோற்றதாகச் சொன்னார்கள். நான்காவதை வாங்கிக்கொண்டு போன ஹோமியோபதி டாக்டர், ஆராய்ச்சி செய்து முடிவு சொல்வதாகச் சொன்னார். முடிவை அவர் சொல்லவேயில்லை, அவர் மனைவிதான் ருசி நன்றாக இருந்தது என்று சொல்லியனுப்பினாள்.

ஐந்தாவதை அணிமா பௌதியே கேட்டாள். ஜாமாய் சஷ்டி வந்தது. மாப்பிள்ளையை உட்காரவைத்து விசிறி வீசி ஊட்டிவிடுகிற நாள். மாப்பிள்ளை தன்பாத்காரர், வருஷாவருஷம் அதே இலிஷ் மீன், அதே பாயசம், முகம் சுளித்துக்கொண்டு போகிறார், இந்த வருஷமாவது அவர் ஜன்மத்தில் காணாத ஒன்றை வைக்க வேண்டும் என்றாள். வெள்ளத்தில் வாளி இறக்கின கை அது. பரமசிவம் மறுபேச்சுப் பேசாமல் இடுப்பைத் தடவினார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அருக்காணி என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அவர் சாவியை அவிழ்க்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, "எத்தனைங்க மிச்சம்?" என்று மட்டும் கேட்பாள். நான்கு என்பார். சரிங்க என்பாள். மூன்று என்பார். சரிங்க. அந்தச் 'சரிங்க' ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளகி வருவதாக அவருக்குப் பட்டது. பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தார். பட்டுமிருக்கலாம்.

ஆறாவது டின்னைத் தொடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தார். கேட்டவர்களிடம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தெருவைத் தவிர்த்துக் குறுக்குச் சந்து வழியாக ஆபீஸ் போனார். அந்த வருஷம் பார்த்து மழையும் கஞ்சத்தனம் செய்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, வாசலில் தண்ணீர் தேங்கவில்லை. மஹாளயாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ரேடியோவில் விடியற்காலைத் தோத்திரம் கேட்டபடியே டின்னைத் திறந்து அருக்காணி வாயில் ஒரு உருண்டை வைக்கப்போவதை அவர் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மழைக்கு அது பொறுக்கவில்லை. ஒரே ஒரு நாள் பெய்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளில் கூரை மட்டும் தெரிந்தது. குடிசைக்காரர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, கிளப் பையன்கள் வீடு வீடாக அரிசி பருப்பு சேகரிக்க வந்தார்கள். அருக்காணி அரிசியும் பருப்பும் அளந்து கொட்டினாள், ஒரு முழுப் பூசணிக்காயும் கொடுத்தாள். பாச்சு நன்றி சொல்லிவிட்டு, பொரம்தா, நீங்கள் எதுவும் தர வேண்டாம், வந்து கூட நின்றால் போதும் என்றான். யாரும் தகரப்பெட்டி இருந்த பக்கம் பார்க்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னதை அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள். பரமசிவத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

போய் நின்றார். பெரிய அண்டாவில் மஞ்சளாக ஏதோ கொதித்தது. அரிசியைவிடத் தண்ணீர் அதிகம். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் பேசாமல் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டின துணியும் ஈரம்தான். பரமசிவம் கொஞ்ச நேரம் கிளறினார். அப்புறம் கரண்டியைப் பாச்சுவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

பெட்டியைத் திறந்தபோது அருக்காணி பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அது கடைசி டின்னுங்க."

"தெரியும்."

"இன்னும் ஒரு வாரந்தானுங்க இருக்குது. நல்லா யோசிச்சுக்குங்க. பொறவு என்னைச் சொல்லக்கூடாது."

அவர் யோசித்தார் என்றே சொல்ல வேண்டும். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு போனார்.

கொதிக்கிற கிச்சடியில் பெம்மிகன் கரைந்தது. கொழுப்பு மேலே மினுமினுத்தது. வாசம் வந்தது. அதுவரை பேசாதிருந்த வராந்தாவில் பேச்சுக் கிளம்பியது. ஒரு கிழவர் இரண்டாம் கரண்டி கேட்டார், மூன்றாவதும் கேட்டார். பரமசிவமும் ஒரு வாய் எடுத்து வைத்தார். கெடவில்லை. எட்டு மாசம், பெஹாலாவின் புழுக்கத்தில், துளியும் கெடவில்லை. உப்பும் காரமும் கிச்சடியில் இருந்ததால் ருசியாகக்கூட இருந்தது. சட்டை நனைய நனைய, பட்டம் வாங்கினவர் போல வீட்டுக்கு வந்தார்.

அருக்காணி ஈரத்துக்கு எட்டாமல் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாற்றல் விண்ணப்பம். பக்கத்தில் வசந்தியின் பேனா.

"நான் ஜெயிச்சுட்டேன் புள்ள. கெடலை. தின்னவங்க அத்தனை பேரையும் கேட்டுப் பாரு."

"ரொம்பச் சந்தோஷமுங்க. நான் திங்கலீங்களே."

"நல்லா இருந்துச்சுங்கறேன்."

"நல்லா இல்லைன்னு யாருங்க சொன்னா? ஊட்டுல இருக்குதுங்களான்னுதானே பேச்சு."

பரமசிவம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டார்.

"அருக்காணி, தெருவுக்கு யாரு சொன்னது?"

"நாந்தானுங்க. பௌதிகிட்டச் சொன்னேன்."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு உங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"அதையுஞ் சேர்த்துத்தானுங்க சொன்னேன். யாருகிட்டயும் சொல்லிராதீங்க பௌதி, எங்க ஊட்டுக்காரருக்குப் புடிக்காதுன்னு."

அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் கிளப் பக்கம் போனார். பையன்கள் ஈரக் கேரம் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் பத்து டின் போட வேண்டும் பொரம்தா, மாடியில் நாங்கள் காவல் இருக்கிறோம், கடுகு மட்டும் நாங்கள் சொல்கிற அளவில் என்று பாச்சு சொன்னான். எல்லோரும் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். சண்டை வந்தது. தீர்ப்புக்காக அவர் முகத்தைப் பார்த்தார்கள். பரமசிவம் இரண்டு கட்சிக்கும் டீ சொன்னார். ஈரோட்டை அவரால் சொல்ல முடியவில்லை. தை மாசம் ஹவுராவில் ரயில் ஏறுகிற வாரம்தான் சொன்னார்.

ஈரோட்டு வீடு நல்ல வீடு. மேடான இடம், ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட்டு. அக்கம்பக்கத்தார் மரியாதையானவர்கள். சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போவார்கள். வசந்தியின் தமிழ் ஒரே வருஷத்தில் திருந்திவிட்டது. அப்பாவும் சிகரெட்டை விட்டுவிட்டார், சேர்ந்து பிடிக்க ஆள் இல்லை. ஒரு பனிக்காலத்தில், சும்மா இருக்கமுடியாமல், மறுபடியும் ஒரு டின் பெம்மிகன் போட்டார். இந்தத் தடவை உப்பு, மஞ்சள், கடுகு எல்லாம் சேர்த்தார். பெட்டியில் வைக்கவில்லை, பூட்டவில்லை. சமையலறை அலமாரியில், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். இத்தனை நாளில் கெட்டிருக்குமோ என்று அருக்காணியைக் கேட்டார்.

அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். சாத்தியிருந்த கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கெடாதுங்க. இங்க யாரு வந்து கேக்கறாங்க" என்றாள்.